இருபத்தாறாம் பெயரில் நின்ற பட்டியல்

தேஜப்பண்ணாவுக்கு இடது எது, வலது எது என்று யோசிக்காமல் சொல்ல வராது. சோறு தின்கிற கையை ஒரு தரம் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்லுவார். இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. பதினோரு வருஷம் ஒரே அறையில் அவருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்தவள் நான், சொல்ல எனக்கு உரிமை உண்டு. இப்போது அவர் மூடபிதிரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறார்.

எங்கள் நெல்லிபதவு அம்மன் கோயிலுக்குச் சொந்தமாக ஒரு யட்சகானக் கூத்துக் குழு உண்டு. தீபாவளி முடிந்து கட்டின சலங்கையை வைகாசியில்தான் அவிழ்ப்பார்கள். அதுவரை நாளுக்கு ஓர் ஊர், ஊருக்கு ஓர் ஆட்டம். எல்லாம் வேண்டுதல் ஆட்டம். பிள்ளைக்கு பம்பாயில் வேலை கிடைத்தால், காணாமல் போன மாடு திரும்பி வந்தால், 'அம்மா, உன் பெயரில் ஓர் ஆட்டம் வைக்கிறேன்' என்று வேண்டிக்கொண்டு வந்து பதிவு செய்வார்கள். வருஷத்துக்கு நூற்றெண்பது ஆட்டம்தான் முடியும். வேண்டுகிறவர்களுக்கோ கணக்கில்லை. இன்றைக்குப் பதிவு செய்தால் பதின்மூன்று வருஷம் கழித்துத்தான் முறை வரும்.

தேஜப்பண்ணா முதலில் இந்தக் குழுவில்தான் தூதன் வேஷம் கட்டினார். வேஷம் சின்னது, நாலு வரி. ஒரு நாள் வலது பக்கமாக வர வேண்டியவர் இடது பக்கமாக நுழைந்து, தர்மராஜன் சொல்லி அனுப்பிய ரகசியத்தைத் தர்மராஜனிடமே சொல்லிவிட்டார். பாகவதர்தான் பாட்டை நிறுத்தி, "தூதனுக்கு வழியில வெயில் தாக்கிடுச்சு போல" என்று சமாளித்தார். ஊரே சிரித்தது. மறுநாளே அவரை ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள். பதிவுப் புத்தகம் அவர் பொறுப்பு. முறை வந்தவர்களுக்குக் கார்டு போடுவது என் பொறுப்பு.

தொண்ணூற்றைந்தில் பம்பாய் ஓட்டல்காரர் ஒருவர் கோயிலுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். அதற்குக் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, தேங்காய்த் தண்ணீர் கீபோர்டில் தெறித்து, மூன்று நாள் காயவைத்தோம். அதற்குள்ளேயே மொக்தேசர் மகாபல ரை, அதாவது எங்கள் கோயில் தர்மகர்த்தா, தேஜப்பண்ணாவைக் கூப்பிட்டு, "நீ போய் இதைப் படிச்சுட்டு வா" என்று சொல்லிவிட்டார். ஏன் இவரை? என்னை அனுப்பியிருக்கலாம். பெண் பிள்ளை சாயங்காலம் மங்களூர் போய் வருவதாவது என்று விட்டுவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

மங்களூர் ஹம்பன்கட்டாவில் ஒரு துணிக்கடை மாடியில் வகுப்பு. பாடம் நடத்தினது அவர் வயதில் பாதிகூட இல்லாத ஒரு டீச்சர். வகுப்பு ஆறரைக்கு முடியும். எங்கள் ஊருக்குக் கடைசி பஸ்ஸும் ஆறரைக்குத்தான். அதனால் தேஜப்பண்ணா தினமும் ஆறு இருபதுக்கு எழுந்துவிடுவார். நாலு மாதம் படித்த சி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒவ்வொரு பாடத்துக்கும் கடைசிப் பத்து நிமிஷம் அவரிடம் கிடையாது. நோட்டைப் பார்த்தால் தெரியும், எந்தப் பக்கமும் முடிந்திருக்காது.

அப்படியும் மனுஷன் சும்மா இருக்கவில்லை. மழைக்காலம் முழுக்க ரெண்டு விரலால் தட்டித்தட்டி, பதிவுப் புத்தகத்தில் இருந்த இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது பேரையும் உள்ளே ஏற்றினார். முதலில் எல்லாம் எழுத்தாகவே, வரிவரியாக இருந்தது. ஒரு பெயரைத் தேடினால் மெஷின் முனகிக்கொண்டு நிற்கும், அதற்குள் நான் போய் டீ குடித்துவிட்டு வரலாம். "இது ஆகாது வனஜா" என்றார். "ஒருத்தருக்கு ஒரு பெட்டி. நம்பர், பேரு, ஊரு, வருஷம் எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள. பெட்டியை அப்படியே தூக்கி ஃபைல்ல வெக்கணும், அப்படியே திருப்பி எடுக்கணும். ஸ்ட்ரக்சர்னு பேரு."

ஐப்பசியில் ஒரு காலை அந்த வேலை முடிந்தது. பழைய வரிகளை எல்லாம் பெட்டிகளாக மாற்றி எழுதினார். ஃபைலின் அளவைப் பார்த்தார், கணக்கு சரியாக இருந்தது. பிறகு, அதை மறுபடி படித்துக் காட்டு என்று மெஷினிடம் சொன்னார். திரையில் ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று பெயர்கள் ஓடி, இருபத்தைந்தில் நின்றன. அவ்வளவுதான் பட்டியல் என்றது மெஷின்.

தேஜப்பண்ணா மறுபடி எழுதினார், மறுபடி படித்தார். இருபத்தைந்து. மெஷினை அணைத்துப் போட்டார். இருபத்தைந்து. "ஃபைல் இவ்வளவு பெருசா இருக்கு வனஜா. உள்ள இருக்கறவங்க எல்லாம் எங்க போனாங்க?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்?

அந்த நேரம் பார்த்து மொக்தேசர் உள்ளே வந்தார். நின்றுபோன திரையைப் பார்த்தார். பதிவுப் புத்தகத்தைத் திறந்து அடுத்த பெயரைத் தானே படித்தார்.

"இருபத்தாறு. கமலா பூஜார்த்தி. பீடி சுத்தறவதானே?"

"ஆமா எஜமான்."

"அவ பேரை எடுத்துட்டு ஓட்டு பாப்போம்."

எடுத்துவிட்டு ஓட்டினார். பெயர்கள் சரசரவென்று ஓடின. ஐம்பது, நூறு, இருநூறு தாண்டிப் போயிற்று. மொக்தேசர் கையை மார்பில் கட்டிக்கொண்டு, கடைசி வரை பார்க்கக்கூட நிற்காமல் சொன்னார்.

"பாத்தியா! நான் ஒண்ணும் சொல்லல. மெஷினே சொல்லுது. அந்த வேண்டுதல்ல ஏதோ தோஷம் இருக்கு, அம்மனுக்குச் சம்மதமில்ல. அவளோட ஆட்டத்தைத் தள்ளிவை. ஜோசியரை வெச்சுப் பிரசன்னம் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்."

 மெஷினில் ஏதோ தப்பு என்று சொல்லத் தேஜப்பண்ணாவுக்கு ஆசை. ஆனால் அவள் பெயரை எடுத்ததும் ஓடியதே, அதைக் கண்ணால் பார்த்தாரே. நானும்தான் பார்த்தேன். எனக்கும் உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கார்டு நான்தான் எழுதினேன். 'தங்கள் சேவை தள்ளிவைக்கப்பட்டுள்ளது. காரணம் நேரில்.' ஒட்டி அனுப்புகிற கடிதமாகப் போட்டிருக்கலாம். வழக்கப்படி கார்டில் போட்டேன். கார்டு என்றால் தபால்காரர் படிப்பார், டீக்கடை படிக்கும், கடைசியில்தான் விலாசதாரர் படிப்பார். கமலக்கா கைக்கு அது போவதற்கு முன்னாலேயே, அம்மன் அவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம் என்ற பேச்சு மூன்று ஊர் தாண்டிவிட்டது.

கமலக்கா வேண்டிக்கொண்டது மகளுக்காக. வினோதா ஆறு வயது வரை ஒரு வார்த்தை பேசியதில்லை. மகள் பேசினால் ஆட்டம் வைக்கிறேன் என்று எண்பத்திரண்டில் பதிவு செய்தாள். பேச்சு வந்தது. வந்தது மட்டுமா! 'இவ பஸ்ல ஏறினா டிக்கெட்டுன்னு கேக்கக்கூட எனக்கு வாய்ப்பில்ல' என்று கண்டக்டரே சொல்லுவார். இப்போது பத்தொன்பது வயது. தை மாதம் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். மகள் புகுந்த வீடு போவதற்கு முன்னால் கடனைத் தீர்த்துவிட வேண்டும் என்று பீடி சுற்றிச்சுற்றிக் காத்திருந்தவள் கமலக்கா.

கார்டு கிடைத்த மறுநாள் ஆபீசுக்கு வந்தாள். வழக்கமாக வாசலிலேயே, "என்ன தேஜப்பண்ணா, இன்னிக்கு எந்த ராஜாகிட்ட தூது?" என்று சீண்டிக்கொண்டு வருகிறவள். அன்றைக்குப் பேசாமல் வந்து கார்டை மேஜைமேல் வைத்தாள்.

"என்ன குத்தம் பண்ணோம் தேஜப்பண்ணா? சொல்லு. மீன் தின்னுட்டு விளக்கு வெச்சேனா? தீட்டோட படி ஏறினேனா?"

"எனக்குத் தெரியல கமலக்கா."

"தெரியாமலா தள்ளிவெச்சீங்க?"

"மெஷின் உங்க பேர்ல நின்னுடுச்சு. எடுத்தா ஓடுது. ஏன்னு எனக்கே புரியல."

கமலக்கா என் பக்கம் திரும்பினாள். "வினோதா நேத்துலேருந்து வாயே திறக்கல வனஜா. ஒரு வார்த்தை இல்ல. கொடுத்த பேச்சை அம்மன் திருப்பி எடுத்துக்கிட்டாளோன்னு எனக்குப் பயமா இருக்கு. மாப்பிள்ளையோட அப்பா ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லி அனுப்பியிருக்காரு. எதுக்கு வராருன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் போன பிறகு தேஜப்பண்ணா அந்தக் கார்டை எடுத்து மேஜை டிராயரில் வைத்தார். மத்தியானம் கஞ்சியும் மாங்காய் ஊறுகாயும் கொண்டுவந்திருந்தார், தொடவில்லை. மறுபடி அந்தப் பட்டியலை ஓட்டினார். இந்தத் தடவை கடைசி வரை பார்த்தார். இருநூற்று எண்பத்தொன்றில் பட்டியல் நின்றது.

"வனஜா, இங்க வா. புத்தகத்துல இருநூத்தி எண்பத்திரண்டு யாருன்னு பாரு."

பார்த்தேன். மகாபல ரை, நெல்லிபதவு. சாட்சாத் மொக்தேசர்.

நான் சிரித்துவிட்டேன். தேஜப்பண்ணாவுக்கு வேர்த்துக் கொட்டியது. "அப்ப எஜமானுக்கும் தோஷமா?" என்று கிசுகிசுத்தார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார். எஜமான் பெயரையும் எடுத்துவிட்டு ஓட்டினார். ஐந்நூற்று முப்பத்தேழு வரை போய் நின்றது. அடுத்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவர். தேஜப்பண்ணா தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு செய்யுங்க. கமலக்காவை எடுக்காம, இருபத்தேழுக்கு மாத்துங்க. அங்க இருக்கறவரை இருபத்தாறுக்குக் கொண்டுவாங்க" என்றேன் நான். இந்த யோசனை என்னுடையது. அவர் சொல்லமாட்டார், அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

மாற்றினார். இருபத்தைந்தில் நின்றது. இருபத்தாறில் தன் பெயரையே போட்டார், அப்போதும் அப்படியே. அம்மன் பெயரைப் போட்டுப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டேதான் போட்டார். அதற்கும் மெஷின் மசியவில்லை.

"ஆள் மேல இல்ல" என்றார் மெல்ல. "நம்பர் மேல இருக்கு." ஒரு காகிதத்தில் இருபத்தாறு, இருநூற்று எண்பத்திரண்டு, ஐந்நூற்று முப்பத்தெட்டு என்று எழுதினார். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார். இரண்டு தரமும் இருநூற்று ஐம்பத்தாறு வந்தது. "இந்த நம்பரை டீச்சர் சொல்லியிருக்காங்க. எதுக்குன்னு மறந்துபோச்சு" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு, அப்படியே எழுந்து மங்களூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் ஆறரை வரை வகுப்பில் உட்கார்ந்தார். கடைசி பஸ் போய்விட்டது. மறுநாள், சனிக்கிழமை, முதல் பஸ்ஸில் கசங்கின சட்டையோடு வந்து இறங்கினார்.

"வனஜா, ஒரு எழுத்து!"

"என்ன எழுத்து?"

"ஃபைலைத் திறக்கும்போது, இது வெறும் எழுத்தில்ல, பெட்டின்னு மெஷின்கிட்ட முன்னாடியே சொல்லணுமாம். அதுக்கு 'பி'ன்னு ஓர் எழுத்து சேக்கணும். நான் சேக்கல. சொல்லலேன்னா அது எழுத்துன்னு நெனச்சுப் படிக்கும். எழுத்து ஃபைல்ல இருபத்தாறுன்னு ஒரு நம்பர் வந்தா, 'இத்தோட முடிஞ்சுது, மூடு'ன்னு அர்த்தமாம். கமலக்காவோட நம்பரைப் பாத்துட்டு அது முடிஞ்சுதுன்னு நெனச்சுடுச்சு."

"எஜமானோடது இருபத்தாறு இல்லையே?"

"மெஷின் பெரிய நம்பரை ரெண்டு அறையில பிரிச்சு வெக்கும். ஓர் அறை இருநூத்தி அம்பத்தஞ்சோட நிறைஞ்சுடும், அதுக்கு மேல போனா அடுத்த அறையில ஒண்ணு. எஜமானோட நம்பர்ல இருநூத்தி அம்பத்தாறு போக மிச்சம் எவ்வளவு?"

இருபத்தாறு. எனக்கு ஒரு நிமிஷம் புரிந்தது, அடுத்த நிமிஷம் புரியவில்லை. ஆனால் அவர் அந்த ஓர் எழுத்தைச் சேர்த்து ஓட்டினபோது இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது பேரும் வரிசையாக வந்தார்கள். இருபத்தாறாவதாகக் கமலக்கா இருந்தாள்.

மொக்தேசரிடம் போய்ச் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டார். தன் பெயரிலும் நின்றது என்றபோது மட்டும் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"சரி, சரிபண்ணிட்டே இல்ல? அவளுக்குத் தேதி போட்டு வேற கார்டு அனுப்பு. அதோட முடிஞ்சுது. மெஷின் தப்பு, ஆபீஸ் தப்புன்னு ஊர்ல போய்த் தமுக்கடிக்காதே. மெஷின் கொடுத்தவருக்கு அவமானம், கோயிலுக்கும் அவமானம். என் பேரு நின்ன கதை இந்த அறையைத் தாண்டக்கூடாது. புரியுதா?"

"புரியுது எஜமான்" என்றார் தேஜப்பண்ணா.

கார்டு போய்ச் சேரத் திங்கள் ஆகிவிடும். மாப்பிள்ளையின் அப்பா வருவது ஞாயிறு. ஞாயிறு காலை தேஜப்பண்ணா என் வீட்டு வாசலில் நின்றார். "நீயும் வா. எனக்குப் பேச்சு தடுமாறும்" என்றார். கமலக்கா வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அந்தக் காலத்தில் அந்த நாலு வரியை இப்படித்தான் மனப்பாடம் செய்திருப்பார்.

நாங்கள் போனபோது மாப்பிள்ளையின் அப்பா லோகப்ப பூஜாரி (பூஜாரி என்பது குலப்பெயர்தான்) நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொடுத்த காபி ஆறிப்போயிருந்தது. கமலக்கா தூணோடு ஒட்டி நின்றாள். வினோதா மூலையில் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, இலையை வெட்டாமல் வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தாள். நான் "வினோதா" என்று கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தாள், பதில் இல்லை.

தேஜப்பண்ணா நடுவில் போய் நின்றார். லோகப்ப பூஜாரியைப் பார்க்காமல் தூணைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். பெட்டி என்றார், அறை என்றார், இருநூற்று ஐம்பத்தாறு என்றார். பாதியில் எல்லாம் மறந்துபோய் நின்றுவிட்டார். 

"எனக்கு ஒண்ணும் விளங்கல" என்றார் லோகப்ப பூஜாரி. "நேராவே கேக்கறேன். அம்மன் இந்த வீட்டு வேண்டுதலை ஏத்துக்கலையா, இல்லையா?"

"அம்மனுக்கு இந்த விஷயமே தெரியாது" என்றார் தேஜப்பண்ணா. "தப்பு என்னோடது. நான் ஓர் எழுத்து போட மறந்துட்டேன். அதனால மெஷின் நின்னுது."

"அப்படின்னா ஏன் இவங்க பேர்ல மட்டும் நின்னுச்சு?"

நான் தேஜப்பண்ணாவின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். அடுத்து அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொன்னால் அவருக்கு வேலை இருக்காது என்பதும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"இவங்க பேர்ல மட்டும் இல்ல" என்றார். குரல் தடுமாறவே இல்லை. "மொக்தேசர் மகாபல ரை பேர்லயும் நின்னுச்சு. அவர் இருநூத்தி எண்பத்திரண்டு. இன்னும் பல பேர் மேல நின்னுச்சு. இவங்க வேண்டுதல் தோஷம்னா அவரோடதும் தோஷம்தான். அவருக்குக் கார்டு போடல, இவங்களுக்குப் போட்டோம். வேணும்னா ஆபீசுக்கு வாங்க, ஓட்டிக் காட்டறேன்."

 லோகப்ப பூஜாரி வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாரா என்று எனக்குச் சந்தேகம்.

அப்போது மூலையில் தட்டு கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"ஓர் எழுத்தா?"

வினோதா எழுந்து நின்றிருந்தாள்.

"ஒரே ஓர் எழுத்துக்கா எங்கம்மா நாலு நாளா கஞ்சி குடிக்கல? ஏன் தேஜப்பண்ணா, ஃபைல் திறக்கத் தெரியாத நீங்க எதுக்கு ஃபைலைத் திறந்தீங்க? திறந்தீங்களே, ஓட்டிப் பாத்தீங்களே, ரெண்டாவது தரம் பாக்க உங்களுக்குக் கண்ணு எங்க போச்சு? கார்டுல எழுதினீங்களே வனஜக்கா, ஊரு முழுக்கப் படிக்கட்டும்னா? நான் வாயைத் திறந்தா அம்மனுக்குக் கோபம் வந்துடுமோன்னு பயந்து பயந்து, பல்லைக் கடிச்சுக்கிட்டு நாலு நாள் இருந்தேன் தெரியுமா..."

தேஜப்பண்ணா கைகூப்பிக்கொண்டு நின்றார். லோகப்ப பூஜாரி ஆறின காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். நான்தான், "போதும்மா, பாவம்" என்று குறுக்கே போகப் பார்த்தேன்.

கமலக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் முகமெல்லாம் கண்ணீராக இருந்தது.

"விடு வனஜா. இன்னும் கொஞ்சம் திட்டட்டும்."